ஸ்லைடில் சிமெண்ட் தெரியாது

அறுவை அரங்கிலிருந்து எங்கள் லேபுக்கு வரும் ஃபார்மலின் டப்பாக்களில் சிலவற்றைக் கையில் எடுத்தாலே உள்ளே கடகடவென்று சத்தம் கேட்கும். மூடியைத் திறக்கும் முன்பே தெரிந்துவிடும், பழைய செயற்கை இடுப்பு மூட்டு ஒன்றைக் கழற்றியிருக்கிறார்கள் என்று. சாம்பல் கலந்த வெள்ளையில் தடித்த சவ்வுத் துண்டுகள் இருக்கும். நடுவே, மூட்டை எலும்புக்குள் பிடித்துவைத்திருந்த, கத்தியின் முனையை மழுக்குகிற சிமெண்ட் துணுக்குகள். கூடவே வரும் தாளில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: மூட்டு கழன்றுவிட்டது, காரணம் கிருமியா, வேறு ஏதாவதா?

அந்தச் சவ்வை நறுக்கி, கேசட்டில் போட்டு, இரவு முழுக்க டிஷ்யூ பிராசஸரில் ஓடவிடுவோம். ஃபார்மலின், ஆல்கஹால், சைலீன், கடைசியில் உருகிய மெழுகு. மறுநாள் மைக்ரோடோமில் 4 மைக்ரான் கனத்துக்குச் சீவி, ஹீமட்டாக்ஸிலின், இயோசின் என்ற சாயங்களை ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், சிமெண்ட்டைக் காணோம். சைலீன் அதைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. ஓட்டையின் ஓரத்தில் மட்டும் மங்கலாகச் சில பொடி மணிகள் ஒட்டியிருக்கும். எக்ஸ்ரேயில் தெரிய வேண்டும் என்பதற்காகச் சிமெண்ட்டில் சேர்த்த பேரியம் சல்ஃபேட் அது. சைலீனில் கரையாது.

சிமெண்ட் போனாலும் அதைச் சுற்றி நின்ற செல்கள் நின்ற இடத்திலேயே இருக்கின்றன. பெரிய ஓட்டை என்றால் அதன் விளிம்பு நெடுகப் பல உட்கருக்கள் கொண்ட ராட்சத செல்கள் படுத்துக் கிடக்கும். விழுங்க முடியாத அளவுள்ள பொருளை என்ன செய்வது என்று தெரியாமல், அந்நியப் பொருளை விழுங்கும் துப்புரவு செல்களான மேக்ரோஃபேஜ்கள் பல ஒன்றாகச் சேர்ந்து உருவாவதுதான் ராட்சத செல். ஓட்டைகள் மிகச் சிறியவை என்றால் காட்சியே வேறு. தனித்தனி மேக்ரோஃபேஜ்கள் வயிறு புடைக்கப் பொடியைத் தின்றுவிட்டுக் கூட்டம் கூட்டமாக நிற்கும். ஆக, சிமெண்ட்டைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் அதைச் சுற்றி நின்ற செல்கள் சொன்னதுதான்.

சித்திக்கு இடுப்பு எலும்பு முறிந்து பாதி மூட்டு மாற்ற வேண்டும் என்று சொன்னபோது சித்தப்பா போன் செய்தார். “ஏம்மா, உள்ள சிமெண்ட் வச்சு அடைப்பாங்களாமே, உடம்பு ஒத்துக்குமா?”

“கட்டியா, அசையாம இருந்தா ஒத்துக்கும் சித்தப்பா. பொடியானா ஒத்துக்காது.”

“டாக்டருங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டா நேரா ஒரு பதில் வராதே!” என்று சிரித்தார்.

உண்மையில் அது நேரான பதில்தான். கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், அவ்வளவே.

முதலில் பொருள். கட்டடம் கட்டுகிற சிமெண்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது பாலிமெதில் மெதாக்ரிலேட் என்ற பிளாஸ்டிக். கண்ணாடிக்குப் பதில் போடுகிறோமே அக்ரிலிக் ஷீட், அதே குடும்பம். அறுவை அரங்குக்கு இரண்டு பாகமாக வரும்: சுமார் 40 கிராம் தூள், 20 மில்லி திரவம். தூளில் ஏற்கெனவே பாலிமராகிவிட்ட, அதாவது மூலக்கூறுகள் நீண்ட சங்கிலியாகக் கோத்துக்கொண்ட நுண்மணிகள், வினையைத் தொடங்கிவைக்க பென்சாயில் பெராக்சைடு, எக்ஸ்ரேக்காக பேரியம் சல்ஃபேட் அல்லது சிர்கோனியம் டை ஆக்சைடு, தேவைப்பட்டால் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக். திரவத்தில் இன்னும் சங்கிலியாகக் கோக்காத தனி மூலக்கூறான மெதில் மெதாக்ரிலேட் மோனோமர், வினையை வேகப்படுத்த ஓர் அமீன், பாட்டிலிலேயே கெட்டியாகிவிடாமல் தடுக்கக் கொஞ்சம் ஹைட்ரோகுயினோன். இரண்டையும் கலந்ததும் அரங்கு முழுக்க ஒரு நெடி கிளம்பும். நகப்பூச்சுக் கடையையும் பல் டாக்டர் கிளினிக்கையும் சேர்த்து முகர்ந்த மாதிரி. முதலில் ஒழுகும், பிறகு கையில் ஒட்டும், அப்புறம் மாவுப் பதத்துக்கு வரும், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் இறுகிவிடும். மோனோமர் ரப்பர் கையுறையையே ஊடுருவும் என்பதால் ஒட்டும் பதத்தில் யாரும் தொடுவதில்லை. பல் டாக்டர்கள் சிலருக்கும் எலும்பு டாக்டர்கள் சிலருக்கும் விரல் நுனியில் தீராத அரிப்பு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பல் கிளினிக் நெடி அடிப்பது தற்செயலில்லை. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் செயற்கை இடுப்பு மூட்டை உருவாக்கிய ஜான் சார்ன்லி, 1958இல் இந்தப் பொருளை எடுத்துக்கொண்டது மான்செஸ்டரில் பல் மருத்துவப் பொருட்களை ஆராய்ந்த டென்னிஸ் ஸ்மித் என்ற வேதியியலாளர் சொல்லித்தான். அவருக்கு முன்பே கோபன்ஹேகனிலும் நியூயார்க்கிலும் இதை எலும்பில் முயன்றிருக்கிறார்கள். ஆனால் எலும்புக் குழாயை முழுக்க இதனால் நிரப்பி, சுமையைப் பெரிய பரப்பில் பரப்ப வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் சார்ன்லிதான். இது பசை போல ஒட்டுவதில்லை. தரைக்கு டைல்ஸ் பதிக்கும்போது கல்லுக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி இல்லாமல் போடுகிற சாந்து மாதிரி, எலும்பின் நுண்துளைகளுக்குள் புகுந்து இறுகி, தொடையெலும்புக்குள் இறங்கும் மூட்டின் தண்டை அசையவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

இதே பிளாஸ்டிக் நம் ஊரில் பல பாட்டிமார் கண்ணிலும் இருந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் விமானத்தின் அக்ரிலிக் மூடி உடைந்து, அதன் சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் தைத்தன. அந்தச் சில்லுகள் கண்ணுக்குள் பெரிய கலவரம் எதையும் உண்டாக்காமல் கிடப்பதைக் கவனித்த ஹரால்ட் ரிட்லி, 1949இல் லண்டனில் அதே பொருளில் லென்ஸ் செய்து கண்ணுக்குள் வைத்தார். 1992இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய அரோலேப், அந்த லென்ஸை மலிவாகச் செய்து காட்டியதால்தான் கண்புரை அறுவை எளியவர்களுக்கும் எட்டியது. கண்ணில் இருக்கும் வரை அதை யாரும் சிமெண்ட் என்று சொல்வதில்லை, உடம்பு ஒத்துக்குமா என்று கேட்பதும் குறைவு. ஆனால் வழவழவென்று மெருகேற்றிய, சுமை ஏதும் தாங்காத ஒரு வில்லைக்கு உடம்பு சொல்லும் பதில் வேறு. தொடையெலும்புக்குள் இறுகி, ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல மூன்று மடங்கு சுமையை வாங்குகிற கட்டிக்குச் சொல்லும் பதில் வேறு.

எலும்புக்குள் போன முதல் சில வாரங்களில் நடப்பது சேதம்தான். அதில் ஒளிவுமறைவு வேண்டாம். மோனோமர் பாலிமராகும்போது வெப்பம் கிளம்பும். சோதனைச்சாலையில் மொத்தையாக வைத்து அளந்தால் 80 டிகிரி செல்சியஸைக்கூடத் தாண்டும். உடம்புக்குள் சில மில்லிமீட்டர் கனம்தான். பக்கத்தில் ஓடும் இரத்தமும் நடுவிலிருக்கும் உலோகத் தண்டும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் எலும்பை ஒட்டிய இடத்தில் 40களிலும் 50களிலும்தான் அளந்திருக்கிறார்கள். ‘தான்’ என்று லேசாகச் சொல்லிவிட முடியாது. ஸ்வீடனின் கோதன்பர்க்கில் எரிக்சனும் அல்பிரெக்ட்சனும் முயல் எலும்பில் செய்து 1983இல் வெளியிட்ட சோதனைப்படி, 47 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்புத் திசு மீளாத சேதத்துக்குப் போக ஆரம்பித்துவிடுகிறது.

ஆனால் எல்லாப் பழியையும் வெப்பத்தின் மேல் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சிமெண்ட் வைப்பதற்கு முன்பே எலும்பின் உட்புறத்தை அரம் போட்டுக் குடைந்துவிடுகிறார்கள். மஜ்ஜைக்குள் ஓடும் இரத்தக் குழாய்கள் அத்தோடு அறுந்துபோகின்றன. சிமெண்ட்டே வைக்காமல் மூடினாலும் அந்த உள்வளையத்தில் ஒரு பகுதி சாகத்தான் செய்யும். பாலிமராகாமல் மிஞ்சும் மோனோமரும் செல்களுக்கு நஞ்சு. மூன்றில் எது எவ்வளவு என்று ஸ்லைடைப் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. செத்த எலும்பு ஒரே மாதிரிதான் தெரியும்: எலும்புச் செல் இருக்க வேண்டிய குழிகள் காலியாக இருக்கும்.

சிமெண்ட்டை அழுத்தி ஏற்றும் அந்தச் சில நிமிடங்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. திடீரென்று இரத்த அழுத்தம் விழும், ஆக்சிஜன் குறையும். மயக்க மருந்து டாக்டர்கள் அந்த நேரத்தில் மானிட்டரை விட்டுக் கண்ணெடுக்க மாட்டார்கள். முன்பெல்லாம் மோனோமரைத்தான் குற்றம் சொன்னார்கள். அழுத்தத்தில் மஜ்ஜைக் கொழுப்பும் துகள்களும் சிரைகள் வழியே நுரையீரலுக்குத் தள்ளப்படுவதுதான் பெரிய காரணம் என்று இப்போது கருதுகிறார்கள். அதனால்தான் குழாயை நன்றாகக் கழுவிவிட்டு சிமெண்ட் ஏற்றுகிறார்கள். இதயமும் நுரையீரலும் ஏற்கெனவே பலவீனமான வயதானவர்களுக்கு இது மெய்யாகவே கவலைப்பட வேண்டிய விஷயம். சித்தப்பா கேட்டிருந்தால் இதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

அந்த முதல் சில வாரங்களைத் தாண்டினால் பழுதுபார்ப்பு தொடங்கும். ஜெர்மனியின் ஹான்ஸ் கியோர்க் வில்லர்ட் 1970களில் இதை மூன்று கட்டமாகப் பிரித்தார். முதல் மூன்று வாரம் சாவு. அதன்பின் ஓரிரு ஆண்டு வரை செத்ததை அகற்றிப் புது எலும்பு போடும் வேலை. அப்புறம் நிலைபெறுதல். நிலைபெற்ற பிறகு எலும்புக்கும் சிமெண்ட்டுக்கும் நடுவே என்ன இருக்கும் என்பதில்தான் நெடுங்காலம் வாக்குவாதம். அங்கே நார்த்திசுச் சவ்வு ஒன்று எப்போதும் இருக்கும், உடம்பு அந்நியப் பொருளைச் சுவர் எழுப்பி ஒதுக்கிவைப்பதன் அடையாளம் அது என்று பலர் நினைத்தார்கள். சவ்வு அங்கே இருந்ததும் உண்மை. ஆனால் அவர்கள் பார்த்த மாதிரிகளில் பெரும்பாலானவை, என் மேசைக்கு வருவதைப் போலவே, கழன்றுபோன மூட்டுகளிலிருந்து எடுத்தவை. கழன்றதை மட்டும் பார்த்துவிட்டு எல்லாமே கழன்றுகொண்டிருப்பதாக எண்ணுவது எங்கள் தொழிலுக்கே உரிய ஆபத்து.

சார்ன்லிக்கு இது தெரிந்திருந்தது. நன்றாக நடந்து திரிந்து, வேறு காரணத்தால் இறந்துபோனவர்களின் தொடையெலும்புகளையும் அவர் ஆராய்ந்து, 1970இல் முடிவுகளை வெளியிட்டார். சிமெண்ட்டின் பெரும்பரப்பில் மெல்லிய நார்த்திசு, சுமை இறங்கும் இடங்களில் குருத்தெலும்பைப் போல மாறிய திசு. 1990இல் பாஸ்டனில் ஜாஸ்டி, ஹாரிஸ் குழுவினர் இறந்தவர்களிடமிருந்து எடுத்த மூட்டுகளைப் பார்த்தது இன்னும் ஒரு படி மேலே. பதினேழு ஆண்டு உள்ளே இருந்த சிமெண்ட்டைச் சுற்றியும் நல்ல எலும்பு, பல இடங்களில் நடுவே சவ்வே இல்லாமல். சிமெண்ட்டைத் தழுவி உள்ளே புதிதாக ஓர் எலும்பு ஓடு, அதை வெளிப்புற எலும்போடு இணைக்கும் குறுக்குக் கம்பிகள். சவ்வு என்பது சிமெண்ட்டின் வேதியியலுக்கு உடம்பு சொல்லும் பதிலாக இருந்தால் அங்கேயும் இருந்திருக்க வேண்டுமே. அசைவு இருக்கிற இடத்தில் சவ்வு. அசையாத இடத்தில் எலும்பு.

சரி, பொடிக்கு வருவோம். இதில் மிக விலையுயர்ந்த பாடத்தைப் படித்தவரும் சார்ன்லிதான். அந்தப் பாடத்தில் சிமெண்ட் கதாநாயகனில்லை.

ஆரம்பத்தில் அவர், மூட்டின் பந்து சுழலும் இடுப்புக் கிண்ணத்துக்கு டெஃப்லான் போட்டார். வழவழப்பான பொருள், வேதியியல்படி மந்தமானது, எதனோடும் வினைபுரியாது. காகிதத்தில் இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. நோயாளிகள் வலி போய் நடந்தார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் கிண்ணங்கள் தேய்ந்து வர ஆரம்பித்தன. திறந்து பார்த்தால் உள்ளே சீழ் மாதிரி, ஆனால் கிருமி இல்லாத, தயிர் நிற மொத்தை. அதைச் சுற்றி எலும்பு அரித்துப்போயிருந்தது. கட்டியாக இருந்தபோது உடம்பு கண்டுகொள்ளாத அதே டெஃப்லான், பொடியானதும் எலும்பைத் தின்ன வைத்தது. தான் போட்டதைத் தானே கழற்றும் வேலை சார்ன்லிக்கு நூற்றுக்கணக்கில் வந்து சேர்ந்தது.

1962இல் ஒரு விற்பனையாளர் அதிக மூலக்கூறு எடையுள்ள பாலிஎதிலீன் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். சார்ன்லி அதை நகத்தால் கீறிப் பார்த்து வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு வெளிநாட்டுக் கூட்டத்துக்குப் போய்விட்டாராம். அவருடைய பட்டறையை நடத்திய ஹாரி கிரேவன் கேட்கவில்லை. தேய்மானச் சோதனை யந்திரத்தில் பாலிஎதிலீனைப் போட்டு ஓட்டினார். சில வாரங்கள் ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுகூட அது தேயவில்லை. பெரியவர் சொன்னதைக் கேட்காத டெக்னீஷியன்களால் மருத்துவம் எத்தனை முறை பிழைத்திருக்கிறது என்று யாராவது எழுத வேண்டும்.

ஆனால் இந்த முறை சார்ன்லி தேய்மானக் கணக்கோடு நிறுத்தவில்லை. இரண்டு பிளாஸ்டிக்குகளையும் பொடியாக்கித் தன் தொடையிலேயே தோலுக்கடியில் செலுத்திக்கொண்டார். ஒன்பது மாதம் கழித்து, டெஃப்லான் வைத்த இடத்தில் கைக்குத் தட்டுப்படும் கட்டிகள். பாலிஎதிலீன் வைத்த இடத்தில் அப்படி எதுவும் இல்லை. 1963இல் லான்செட் இதழுக்கு இதை ஒரு கடிதமாக எழுதி அனுப்பினார். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத சோதனை. ஆனால் கேள்வி சரியானது: ஒரு பொருளை உடம்பு ஏற்குமா என்று கேட்பதோடு, அந்தப் பொருள் தேய்ந்து உதிர்ந்தால் அந்த உதிரியை ஏற்குமா என்று கேட்டது. (பாலிஎதிலீனும் பின்னாளில் தன் பொடியால் தொல்லை கொடுத்தது. தோலுக்கடியில் ஒன்பது மாதம் என்பது இடுப்பில் இருபது ஆண்டுக்கு ஈடாகாது.)

சிமெண்ட்டும் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து தப்பவில்லை. 1970களின் நடுவில் சிமெண்ட்டைச் சுற்றி எலும்பு கரைந்து, எக்ஸ்ரேயில் குழி குழியாகத் தெரியும் நோயாளிகளைப் பாஸ்டனில் ஹாரிஸ் விவரித்தார். 1983இல் ஸ்டீவன் கோல்ட்ரிங் குழுவினர் கழன்ற மூட்டிலிருந்து சவ்வை எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். சிமெண்ட்டை நோக்கிய பக்கத்தில் அது மூட்டுச் சவ்வைப் போலவே அடுக்காக வளர்ந்திருந்தது. வெறும் தழும்பாகச் சும்மாவும் இருக்கவில்லை. அழற்சியைத் தூண்டும் புராஸ்டாகிளாண்டின் ஈ2வையும், கொலாஜனை அறுக்கும் நொதியையும் சுரந்துகொண்டிருந்தது. 1987இல் இதற்கு ‘சிமெண்ட் நோய்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சிமெண்ட்தான் வில்லன் என்று முடிவுகட்டி, சிமெண்ட் இல்லாத மூட்டுகளுக்குக் கூட்டம் கூட்டமாக மாறினார்கள். அவற்றைச் சுற்றியும் எலும்பு கரைந்தது. சிமெண்ட்டே வைக்காத எலும்பில் சிமெண்ட் நோய்! ஸ்லைடைப் போலரைஸ்டு ஒளியில் வைத்தால் மேக்ரோஃபேஜ்களுக்குள் பாலிஎதிலீன் இழைகள் பளிச்சென்று மின்னின. சிமெண்ட் வைத்த கிண்ணங்களிலும் அரிப்பு மூட்டின் விளிம்பில் தொடங்கி, பாலிஎதிலீன் பொடியோடு சேர்ந்து உள்ளே பரவியதை 1992இல் ஷ்மால்ஸ்ரீட் குழுவினர் காட்டினார்கள்.

உள்ளே நடப்பதன் சாரம் இதுதான். ஒரு மைக்ரானுக்குக் கொஞ்சம் கீழிருந்து பத்து மைக்ரான் வரையுள்ள துகள்களை மேக்ரோஃபேஜ் விழுங்குகிறது. கிருமி என்றால் செரித்துவிடும். பிளாஸ்டிக் செரிக்காது. செரிக்காத செல் ஓயாமல் அபயக் குரல் கொடுக்கிறது: டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூக்கின் 1, இன்டர்லூக்கின் 6. அந்தக் குரல் கேட்டுச் சுற்றியுள்ள செல்கள் ராங்க் லைகாண்ட் என்ற புரதத்தை வெளிக்காட்டுகின்றன. அது கிடைத்ததும் எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட்கள் முதிர்ந்து வேலையில் இறங்குகின்றன. விழுங்கிய செல் செத்தால் துகள் வெளியே வரும், அடுத்த மேக்ரோஃபேஜ் அதை விழுங்கும். அதே துகள், அதே கூச்சல், ஆண்டுக் கணக்கில். எலும்பு குறையக் குறைய மூட்டு ஆடும். ஆட ஆட இன்னும் பொடி.

நான் முதலில் சொன்ன பேரியம் மணிகளுக்கும் இதில் பங்குண்டு. வயிற்று எக்ஸ்ரேக்குக் குடிக்கக் கொடுப்பார்களே அதே பேரியம். குடலில் எதுவும் செய்யாமல் வெளியேறிவிடுவது. ஆனால் 1997இல் ஆக்ஸ்ஃபோர்டில் சபோக்பர், அதனாசு குழுவினர் சிமெண்ட் துகளைப் பேரியத்தோடும் பேரியம் இல்லாமலும் மேக்ரோஃபேஜ்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, பேரியம் சேர்ந்த துகள்களுக்குத்தான் எலும்புக் கரைப்பு அதிகம். மருத்துவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சேர்த்த பொருள், உடம்பின் கண்ணிலும் நன்றாகவே படுகிறது.

தாளில் கேட்கும் கேள்விக்கு நாங்கள் பதில் சொல்வதும் இந்தச் செல்களைப் பார்த்துத்தான். மேக்ரோஃபேஜும் ராட்சத செல்லும் மட்டும் நிறைந்திருந்தால் தேய்மானப் பொடி. கிருமியை எதிர்க்க வரும் வெள்ளணுக்களான நியூட்ரோஃபில்கள் திசுவுக்குள் ஊடுருவியிருந்தால் கிருமி. பெரிய உருப்பெருக்கத்தில் ஒரு பார்வைப் பரப்புக்கு ஐந்துக்குக் குறையாமல், குறைந்தது ஐந்து பரப்புகளில் இருந்தால் சந்தேகம் வலுக்கும் என்பது பலர் பின்பற்றும் கணக்கு. பெர்லினிலிருந்து 2006இல் வந்த வகைப்பாடு, பொடி, கிருமி, இரண்டும் சேர்ந்தது, இரண்டும் இல்லாதது என்று நான்காகப் பிரிக்கிறது. இரண்டும் இல்லாத நான்காவது வகை வந்தால் அறுவை மருத்துவர் போன் போட்டு, “என்ன மேடம், ஒண்ணும் சொல்லாம விட்டுட்டீங்க” என்பார்.

இதுவரை படித்தவர்களுக்குச் சவ்வு என்றாலே கெட்டது என்று தோன்றியிருக்கும். இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி வருகிறது. அலென் மாஸ்க்லே என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர், விபத்திலோ கிருமியிலோ எலும்பின் ஒரு நீளமே போய்விட்ட கால்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அந்த இடைவெளி திசுக்களால் மூடிப்போகாமல் இருக்க, எலும்பு இருந்த இடத்தில் இதே சிமெண்ட்டை உருளையாக வைத்து மூடினார். ஆறேழு வாரம் கழித்துத் திறந்தபோது உருளையைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று உறை போலப் படர்ந்திருந்தது. சவ்வைக் கிழிக்காமல் நீளவாக்கில் திறந்து, சிமெண்ட்டை உடைத்து எடுத்துவிட்டு, அந்த உறைக்குள் இடுப்பெலும்பிலிருந்து சுரண்டிய எலும்புத் துகளை நிரப்பித் தைத்தார். துகள் கரைந்து போகவில்லை. எலும்பாக மாறியது. 2000த்தில் அவர் இதை வெளியிட்டார். பிறகு முயல்களில் செய்த ஆய்வில், அந்தச் சவ்வு இரத்தக் குழாய் வளர்க்கும் விஇஜிஎஃப்பையும், எலும்பு வளர்க்கும் பிஎம்பி 2வையும் சுரப்பதும், பிஎம்பி 2 நான்காவது வாரத்தில் உச்சத்தைத் தொடுவதும் தெரிந்தது.

நம் ஊரில் பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே வந்து சிதறிப்போவது அன்றாடக் கதை. திறந்த முறிவுகளுக்கென்றே கோவை கங்கா மருத்துவமனை வகுத்த மதிப்பெண் முறை உலகம் முழுக்கப் பேசப்படுகிறது என்றால், அந்த அளவுக்கு இங்கே பார்த்துப் பழகியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அப்படிப்பட்ட கால்களில் இந்த உருளை வைக்கும் முறை இப்போது சாதாரணமாகிவிட்டது. எப்போதாவது அந்தச் சவ்வில் ஓரமாக ஒரு கீற்று வெட்டி எங்களுக்கும் அனுப்புவார்கள். சிமெண்ட்டை நோக்கிய பக்கம் மூட்டுச் சவ்வைப் போலவே செல் அடுக்கு. அதற்கு வெளியே நார்ச்செல்களும் கொலாஜனும், இடையிடையே நிறைய இரத்தக் குழாய்கள். கழன்ற இடுப்பில் கோல்ட்ரிங் பார்த்த சவ்வின் வரைபடமும் ஏறக்குறைய இதுதான். ஒன்று எலும்பைத் தின்கிறது, ஒன்று எலும்பை வளர்க்கிறது. சிமெண்ட் ஒன்றே. இங்கே அது ஆறு வாரம் ஆடாமல் அசையாமல், பொடி உதிர்க்காமல் கட்டியாக இருந்தது. அங்கே ஆண்டுக் கணக்கில் உரசிக்கொண்டிருந்தது. இரண்டு ஸ்லைடையும் அருகருகே வைத்துப் பயிற்சி மருத்துவர்களுக்குக் காட்டுவேன். பொடி நிறைந்த மேக்ரோஃபேஜ் கூட்டம் ஒன்றில் உண்டு, இன்னொன்றில் அநேகமாக இல்லை. அதைத் தவிரப் பெரிய வித்தியாசத்தை அவர்களால் சட்டென்று சொல்ல முடிவதில்லை.

உடம்புக்கு இவ்வளவு வேலை வைக்காத சிமெண்ட் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 1980களில் அமெரிக்காவில் பிரவுன், சௌ இருவரும் கண்டுபிடித்த கால்சியம் பாஸ்பேட் சிமெண்ட், உடல் வெப்பத்திலேயே, பெரிதாகச் சூடாகாமல், எலும்பின் தாதுவான ஹைட்ராக்ஸி அபடைட்டாக இறுகுகிறது. ஆஸ்டியோகிளாஸ்ட்கள் அதை மெல்லத் தின்ன, பின்னாலேயே ஆஸ்டியோபிளாஸ்ட்கள் புது எலும்பு போட்டுக்கொண்டு வரும். மண்டையோட்டு ஓட்டையையும், முழங்கால் மூட்டுக்கடியில் நசுங்கிய எலும்பையும் நிரப்ப நல்ல பொருள். இடுப்பில் தண்டைப் பிடித்துவைக்க உதவாது. அமுக்கினால் தாங்கும், இழுத்தாலோ வளைத்தாலோ உடையும்.

எலும்போடு இயல்பாகச் சேருவது இரத்தத்தோடும் சேரும் என்று எண்ணிவிடவும் கூடாது. இந்த வகைச் சிமெண்ட் ஒன்றை, அனுமதி இல்லாமல், நசுங்கிய முதுகு முள்ளெலும்புக்குள் ஏற்றும் வேலையை அமெரிக்காவில் ஒரு நிறுவனம் மருத்துவர்களிடம் தள்ளிவிட்டது. கசிந்தால் இரத்தம் உறையக்கூடும் என்ற எச்சரிக்கை ஆய்வு முன்பே கையிலிருந்தும் செய்தார்கள். அறுவை மேசையிலேயே நோயாளிகள் இறந்தார்கள். வழக்கு நடந்து நிறுவனத்தின் அதிகாரிகள் சிறைக்குப் போனார்கள். எலும்புக்கு உறவினனாக இருந்த பொருளை நுரையீரலுக்குப் போகும் இரத்தம் அந்நியனாகத்தான் பார்த்தது.

சித்தி இப்போது வாக்கர் இல்லாமல் கோயில் வரை போய்வருகிறார். சித்தப்பாவின் அடுத்த கேள்வி, “அதான் வலியே இல்லையே, அப்புறம் எதுக்கும்மா வருசா வருசம் படம் எடுக்கச் சொல்றாங்க?” பொடியால் எலும்பு கரைவது வலிக்காது. மூட்டு ஆட ஆரம்பித்தால்தான் வலி. அதற்குள் பாதி எலும்பு போயிருக்கும். எக்ஸ்ரேயில் சிமெண்ட்டுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் உடனே பயப்பட வேண்டியதில்லை. பலருக்கு அது அறுவை முடிந்த நாளிலிருந்தே இருக்கும். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் அகன்றாலோ, ஆண்டுக்கு ஆண்டு நீண்டுகொண்டே போனாலோதான் வில்லங்கம். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அறுவை முடிந்ததும் எடுத்த முதல் படத்தோடு ஒப்பிடுவது. எனவே அந்தப் பழைய படத்தை பீரோவில் பத்திரமாக வையுங்கள். வீடு சுத்தம் பண்ணும்போது பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.